முன்சக்கர நடுக்கம்

ஆடாதே. அப்படியே நில். ஒரு மூச்சு நேரம்தான் கேட்கிறேன், இத்தனை வருடம் சந்தையில் மாடு மாடாக விலை பேசின கைக்கு இது ஒரு வேலையா, எள்ளு மாதிரி ஒரு ஸ்க்ரூ, அதன் தலைக் குழியில் அலன் கீயின் நுனி போய் உட்கார வேண்டும், உட்கார்ந்து ஒரு சுற்று பிடித்துவிட்டால் பிறகு அதுவே வழி தெரிந்து இறங்கிக்கொள்ளும், வழுக்குகிறது பார், வழுக்குகிறது, சனியன், இல்லை, திட்டாதே, திட்டினால் நெஞ்சு படபடக்கும், நெஞ்சு படபடத்தால் விரலுக்கு வந்துவிடும், மெதுவாக, இந்தப் பக்கம் ஒரு நூல், அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டதடா ஆறுச்சாமி. சுற்று. சுற்ற சுற்ற அது இறங்குகிற சுகம் இருக்கிறதே, வாய்க்குள் சர்க்கரை கரைகிற மாதிரி. இதோடு பின்பக்கத்து ஸ்க்ரூ எல்லாம் முடிந்தது. எவர்சில்வர் தட்டில் இனி முன்பக்கத்து சாமான்கள் மட்டும்தான். சுலோச்சனா பார்த்தால் தோசைத் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு வைத்ததற்கு ஒரு பாட்டம் பாடுவாள், அவள் உடுமலையில் தங்கச்சி மகளுக்குச் சீர் என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள், பொழுதோடதான் வருவாள், அதுவரைக்கும் வீடு என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னுடையது, இந்த மேஜையும் மேஜை மேல் கிடக்கிற இந்தக் குட்டிக் காரும் என்னுடையது. என்னுடையது என்ன, மகள் கோகிலவாணியுடையது. காலேஜில் படிக்கிறபோது ரிமோட்டில் ஓட்டுகிற கார்களுக்குப் பந்தயம் வைப்பார்களாம், அதற்கு வாங்கினாள், கடைசிப் பந்தயத்தில் சுவரில் மோதி நடுவில் ஒடிந்தது, அட்டைப் பெட்டியில் போட்டு அட்டாலியில் ஏற்றிவிட்டு வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாள். புதன்கிழமை நான்தான் ஏணி போட்டு இறக்கினேன். எதற்கு என்று சுலோச்சனா கேட்டாள். பொழுது போகலை என்றேன். எனக்கா பொழுது போகவில்லை, கேட்கிறவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் செவ்வாய்க்கிழமை சந்தையில் நடந்ததை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் கைக்கு ஒரு பரீட்சை வைக்கப்போகிறேன், இந்த எள்ளுப் போன்ற ஸ்க்ரூவை எல்லாம் என் கை பூட்டிவிட்டால் கை நல்ல கை, பூட்டாவிட்டால் துண்டைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டியதுதான் என்று எப்படிச் சொல்வது.

துண்டு என்றால் சாதாரணத் துண்டா அது. பொள்ளாச்சி சந்தையில் விலையை வாயால் சொல்கிறவன் தரகன் இல்லை. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்கு அடியில் போகும், விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு கணக்கு, உள்ளங்கையைச் சுரண்டினால் ஒரு கணக்கு, சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நாலாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு லாரியில் மாடு ஏற்ற வந்தவன் நான், வாலை முறுக்கி, சாணியில் வழுக்கி, உதை வாங்கி, உதைத்த மாட்டையும் அடித்த முதலாளியையும் ஒரே வாயால் திட்டி, ஒரு நாள் எவனோ தன் துண்டை என் தோளில் போட்டு நீ பேசுடா என்றான், அன்று பிடித்த விரல்தான். முகத்தில் எதையும் மறைத்துவிடலாம். கையில் முடியாது. பயந்தவன் விரல் சில்லென்று இருக்கும், அவசரக்காரன் விரல் முன்னாடியே மடங்கும், பொய் சொல்கிறவன் கட்டை விரல் சும்மா இருக்காது, இதை வைத்துத்தான் நான் சோறு தின்றேன். போன செவ்வாய்க்கிழமை கொழிஞ்சாம்பாறை ஹம்சாக்கா வந்தார், அக்கா இல்லை, அவர்கள் ஊரில் அண்ணனை இக்கா என்பார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக்கு மாடு வாங்கிப்போகிற வியாபாரி, என் வயசுதான் இருக்கும், நானும் அவரும் எத்தனை சோடி பேசி முடித்திருப்போம். சுந்தராபுரத்தான் ஒருவனுடைய செவலைச் சோடிக்கு நான் தரகு. துண்டைப் போட்டோம். வெயிலுக்கென்று நான் கொண்டுபோன துண்டு கொசுவலை மாதிரி மெல்லிசு. பேச்சு நடக்கிறது, திடீரென்று துண்டு ஆடுகிறது. காற்று இல்லை. துண்டு மட்டும் படபட என்று, அடியில் கோழிக்குஞ்சைப் போட்டு மூடின மாதிரி. நான் குனிந்து பார்க்கிறேன், சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள், ஹம்சாக்கா சத்தமாகச் சொல்லிவிட்டார். "எந்தா ஆறுச்சாமி அண்ணா, கை இப்படி விறைக்குது? சுகமில்லையா?" விறைக்குது என்றால் அவர் பாஷையில் நடுங்குது, சந்தையே திரும்பின மாதிரி இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "கை விறைக்குதா? உன்ற விலையைக் கேட்டா கை என்னய்யா, செத்த மாடு கூட எந்திரிச்சு விறைக்கும்" என்று கத்தி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பேரம் முறிந்தது. முறிந்தால் முறியட்டும். ஆனால் டீக்கடையில் கிளாஸை எடுக்கப் போனபோது வலது கையை நானே ஒரு தடவை பார்த்தேன். பார்த்த அன்றோடு போச்சு. அதற்குப் பிறகு காப்பி இடது கையில்தான்.

ஏனென்றால் எனக்கு அது தெரியும். அப்பனிடம் பார்த்தது. பஞ்சு மில்லில் அறுந்த இழையை ஓடுகிற மிஷினிலேயே முடிச்சுப் போடுகிறவர் அவர், கண்ணுக்குத் தெரியாத வேகம், ஒரு நாள் முடிச்சு விழவில்லை, மறுநாளும் விழவில்லை, அப்புறம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாக ஒன்றை ஒன்று தேய்க்க ஆரம்பித்தன, இல்லாத பீடியை உருட்டுகிற மாதிரி, தூங்கினால் நிற்கும், விழித்தால் உருட்டும், சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுவாள், ரசம், தொட்டியில் இருக்கிற தண்ணீர் மாதிரி, கரண்டியில் அலை அடிக்கும், தெருவில் பீடி உருட்டுறான்டா என்று கேலி. செவ்வாய்க்கிழமை துண்டுக்கு அடியில் என் விரல் மேல் பட்டது அதேதான். உருட்டு. அந்த உருட்டு. மறந்திருந்தேன், தோல் மறக்கவில்லை. சரி, வேண்டாம், இப்போது வேண்டாம், முன்பக்கத்தை எடு. கை நன்றாகத்தானே இருக்கிறது. இதோ, நீட்டிப் பார், ஆடுகிறதா, கொஞ்சம் ஆடுகிற மாதிரித்தான் இருக்கிறது, யார் கையைத்தான் இப்படி முறைத்துப் பார்த்தால் ஆடாது, மின்விசிறியை நிறுத்து, இப்போது பார், ஆடவில்லை, ஆடுகிறது, தெரியவில்லை. அடித்தட்டைப் பிடி. இந்தத் தட்டுதான் இந்தக் காரிலேயே எனக்குப் பிடித்தது, இது மட்டும் முழுக்க நான் பண்ணினது. மற்றதெல்லாம் அடித்தட்டின் மேல்தான் ஏறி உட்கார வேண்டும், மோட்டார், பாட்டரி, சக்கரத்துக் கைகள், எல்லாம், வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. பழைய தட்டு ஒடிந்துபோனதால் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் மிச்சமான அலுமினியத் தகட்டில் ஒன்று வெட்டச் சொல்லி லேத்துக்குக் கொண்டுபோனேன். லேத்துக்காரன் டிராயிங் இருக்குதுங்களா என்றான். டிராயிங்காம். ஒடிந்த தட்டின் இரண்டு துண்டையும் சேர்த்துத் தகட்டு மேல் வைத்து சாக்பீஸால் சுற்றிலும் கோடு போட்டு இந்தா டிராயிங் என்றேன். "அண்ணா, முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் சேத்திப் போட்டிருக்கறீங்க, கோடு நெளிஞ்சிருச்சு" என்றான். "நெளியல தம்பி, வேணும்னுதான் போட்டிருக்குது, வெட்டு" என்றேன். கோடு நெளிந்ததாம். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று குத்தியது.

அந்தக் கட்டை விரல் அகலத்தில்தான் சங்கதியே இருக்கிறது. வாணி அப்போது சொல்லுவாள், "அப்பா, இது திருப்புனா திரும்பவே மாட்டீங்குது, நேரா சுவத்துக்குத்தான் போகுது." மோட்டார் பின்னாடி, பாட்டரியும் பின்னாடி. தூக்கிப் பார்த்தபோதே தெரிந்தது, வண்டி பின்பாரம். மாட்டு வண்டியில் மூட்டையை எல்லாம் பின்னாடி ஏற்றினால் என்ன ஆகும், நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும், மாடு இழுக்கிற பக்கம் வண்டி வராது. முன்பாரம் கொஞ்சம் இருந்தால்தான் கழுத்தில் நுகம் உட்காரும், மூக்கணாங்கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் வண்டி திரும்பும். இதற்கும் அதேதான். தட்டை முன்னாடி நீட்டி, பாட்டரியை நடுவுக்கும் முன்னே கொண்டுவந்து, குறுக்கே தோல் வாரால் கட்டினேன், கன்றுக்குட்டியின் கழுத்துப்பட்டையில் வெட்டின வார். இப்போது நடுவில் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் தராசு மாதிரி நிற்கிறது. நின்றதும் எனக்கு வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கம், எத்தனை சோடி மாடு கைமாற்றியிருப்பேன், ஒன்றுக்காவது இப்படி மனசு நிறைந்ததா. முன் ஷாக் அப்ஸார்பர் இரண்டும் இனி பாக்கி. சுண்டு விரல் நீளம் ஒரு குழாய், அதில் கெட்டி எண்ணெய் ஊற்றி, குச்சியை மெல்ல மேலும் கீழும் ஆட்டி, உள்ளே இருக்கிற காற்றுக் கொப்புளம் எல்லாம் மேலே வரும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் கொப்புளம் உள்ளேயே நின்று ஷாக் பொதபொத என்று போகும். சும்மா உட்காருவது எனக்கு ஆகாத வேலை. ஒரு கொப்புளம் வருகிறது, மெதுவாக, கடுகு அளவு, மேலே வந்து நின்று யோசித்து உடைகிறது. அடுத்தது.

ஊற்றும்போது ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை, அதைக் கவனித்தாயா. கவனித்தேன். ஆனால் இடது கையால் வலது மணிக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டாயே. கொடுத்தேன், எல்லோரும் கொடுப்பதுதான். எல்லோரும் என்றால் யார். சுலோச்சனா கவனித்துவிட்டாள், அது வேறு. வியாழக்கிழமை காப்பியை வைத்துவிட்டு நின்றாள். "ஏனுங் மாமா, புதுசா எடக்கையில குடிக்கறீங்க?" கையில் முள் ஏறிவிட்டது என்றேன். காட்டுங்க, ஊசியில எடுத்துர்றேன் என்றாள். வேண்டாம், அதுவே வந்துரும் என்றேன். அவள் போகாமல் நின்றாள். "முள்ளு கையிலயா, வேற எங்காச்சுமா?" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்து டம்ளரை நங்கென்று வைத்தேன், வைத்த பிறகுதான் தெரிந்தது பேச்சு வாக்கில் வலது கைக்கு மாற்றி வலது கையால்தான் வைத்திருக்கிறேன் என்று, அவளும் பார்த்துவிட்டு மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள். அவள் தம்பி தங்கவேலு வேறு வெள்ளிக்கிழமை போன் பண்ணினான். "மச்சான், சந்தைல என்னமோ சொல்லிக்கறாங்க, ஒடம்புக்கு முடியலைன்னா நான் வேணா ரெண்டு வாரம் துண்டு போடறேன், நீங்க பக்கத்துல கட்டல்ல உக்காந்துட்டுச் சொல்லுங்க." கட்டிலில் உட்கார்ந்து சொல்வதாம். நல்லவன்தான், என் மேல் பாசமும் உண்டு, அதனால்தான் எரிந்தது, கெட்டவன் சொல்லியிருந்தால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கட்டிலில் உட்கார்ந்தவனிடம் சந்தை ஒரு வாரம் நலம் விசாரிக்கும், மறுவாரம் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகும். அப்பனையும் முதலில் மில் வாசலில் ஸ்டூல் போட்டுத்தான் உட்கார வைத்தார்கள். கொப்புளம் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது, எண்ணெய் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூடு. திருகு. குச்சியை அழுத்தினால் மெத்தென்று போய் மெத்தென்று வருகிறது. அப்பாடா. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், ஆள் இல்லாத வீட்டில்.

ஆக எல்லாம் ஏறிவிட்டது. முன்சக்கரம் இரண்டும் போட்டாயிற்று, சக்கரத்தைத் திருப்புகிற தீப்பெட்டி அளவுக் கருப்புப் பெட்டி, சர்வோ என்பாள் வாணி, பழசுதான், நன்றாகத்தான் இருந்தது, அதையே மாட்டிவிட்டேன். ரிமோட்டை நான் ஞாபகமாகத் துடைத்து வைத்திருந்தேன், துப்பாக்கி மாதிரி இடது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்டியரிங், அதை வலது கையால் திருப்ப வேண்டும். நீ எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புகிறாயோ அந்தப் பக்கம் அவ்வளவு முன்சக்கரம் திரும்பும், உன் கை என்ன சொல்கிறதோ அதைத்தான் சக்கரம் சொல்லும். வண்டியை ஒரு செங்கல் மேல் ஏற்றி வைத்தேன், சக்கரம் நான்கும் அந்தரத்தில். ஸ்விட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. உயிர் வந்துவிட்டது, இத்தனை வருடம் அட்டாலியில் கிடந்த பிணத்துக்கு. வலது கையால் ஸ்டியரிங்கை மெல்ல இடதுபக்கம், முன்சக்கரம் இடதுபக்கம் பார்த்தது, வலதுபக்கம், வலதுபக்கம் பார்த்தது, சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் நினைத்தேன். சக்கரம் நிற்கவில்லை. இடதும் வலதுமாக, கொஞ்சமாக, அரைக் கடுகு தூரம், விடாமல், கிச்சு கிச்சு கிச்சு என்று நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நனைந்த கன்று நடுங்குவது மாதிரி. இறுக்கிப் பிடித்தேன். இன்னும் நடுங்கியது. தளர்த்திப் பிடித்தேன். நடுங்கியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன், முழங்கையை மேஜையில் ஊன்றிப் பார்த்தேன், நடுங்கியது, நடுங்கியது. ஆக அதுதான். கண்ணுக்குத் தெரியாததை இந்தச் சனியன் பிடித்த பொம்மை பெரிதாக்கிக் காட்டுகிறது, டாக்டர் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், நான் வைத்த பரீட்சை, நானே எழுதி, நானே தோற்று. அப்பன் ஞாபகம் வரவில்லை, அப்பனின் சட்டைப் பொத்தான்தான் ஞாபகம் வந்தது, மேல் பொத்தான், அம்மா அதைப் போடும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சுலோச்சனா போடுவாள். முறைத்துக்கொண்டே போடுவாள். தங்கவேலு என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பான், ஹம்சாக்கா எல்லோரிடமும் சொல்வார், பாவம் ஆறுச்சாமி அண்ணன். பாவம். அந்த ஒரு வார்த்தைக்கு நான் யாரிடமும் இதுவரை கை நீட்டினதில்லை.

ரிமோட்டை மேஜையில் டப்பென்று வைத்துவிட்டு எழுந்தேன். உடைத்திருப்பேன், வாணியுடையதாயிற்றே என்று விட்டேன். கையெல்லாம் எண்ணெய். வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளிக்குப் போய்த் துணி சோப்பையும் கொஞ்சம் மணலையும் போட்டுத் தேய்த்தேன், நகக்கண் வரைக்கும் தேய்த்தேன், குற்றவாளியைக் குளிப்பாட்டுகிற மாதிரி. குழாய்த் தண்ணீர் சூடாக வந்தது. நிறுத்தினேன். வீடு அமைதியாக இருந்தது. உள்ளே எங்கோ ஒரு பல்லி. கிச்சு கிச்சு. சுலோச்சனா இருந்தால் எந்தப் பக்கம் சொல்கிறது, என்ன பலன் என்று தரையைத் தட்டுவாள். பலன் என்ன, தெரிந்ததுதான். கிச்சு கிச்சு கிச்சு. இந்தப் பல்லி ஏன் மூச்சே விடாமல் சொல்கிறது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் இரண்டு கையும் இங்கே இருக்கின்றன. இதோ, துண்டுக்குள். அங்கே சத்தம் வருகிறது. ஈரக் காலோடு ஓடினேன், வாசற்படியில் வழுக்கிக் கதவு நிலையைப் பிடித்து நின்று பார்க்கிறேன், மேஜை மேல் ரிமோட் தன்பாட்டுக்குக் கிடக்கிறது, யாரும் தொடவில்லை, ஸ்டியரிங் நேராக அசையாமல் இருக்கிறது, செங்கல் மேல் கார், காரின் முன்சக்கரம் இரண்டும் நடுங்குகின்றன. ஆள் இல்லாமல் நடுங்குகின்றன. தன் பாட்டுக்கு நடுங்குகின்றன! அட நாசமாப் போன வண்டியே! அட என் ராசாவே! பக்கத்தில் போகவே பயமாக இருந்தது, நான் போனால் நின்றுவிடுமோ என்று. நிற்கவில்லை. உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இந்த வயசில் ஒரு பொம்மைக் காரின் நடுக்கத்தைப் பார்த்து எவனாவது கண் கலங்குவானா, கலங்கினேன், யார் பார்த்தார்கள்.

வாணிக்குப் போன் போட்டேன். தூங்கி எழுந்த குரல். "என்னப்பா, இந்நேரத்துக்கு, அம்மாளுக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். "ஒண்ணுமில்ல அம்மிணி. உன்ற காரு. ரிமோட்டக் கையிலயே தொடல, முன்சக்கரம் அது பாட்டுக்கு வெடவெடன்னு ஆடுதே, ஏன்?" "எந்தக் காரு? அட்டாலில இருந்ததா? அப்பா, நீங்க அதைப் பூட்டீட்டீங்களா?" "பூட்டுனதெல்லாம் அப்பறம். ஏன் ஆடுது?" "அது சர்வோப்பா. உள்ள தேஞ்சு போச்சுன்னா நடு எதுன்னு அதுக்கே தெரியாது, தேடிட்டே இருக்கும், அதான் ஆட்டம். அப்பவே அப்படித்தான். வேற போட்டாச் சரியாயிரும். அப்ப எனக்கும் தெரியாதே, என்ற கூடப் படிச்சதுக பூராம் கோகிலாவுக்குப் பயம், கை நடுங்குதுன்னு கேலி பண்ணுச்சுக. நானும் எனக்குத்தான் நடுங்குதுன்னு நெனச்சு இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் சுவத்துல உட்டேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "எந்த நாயி சொன்னான் உனக்குப் பயம்னு?" என்றேன். "ஐயோ அப்பா, அவனுகளுக்குக் கல்யாணமாகிக் கொழந்தையே இருக்குது, உடுங்க" என்றாள். பிறகு, "எப்படிப்பா பூட்டுனீங்க, அந்த ஸ்க்ரூவெல்லாம் எனக்கே கைல நிக்காது" என்றாள். பூட்டினேன் கண்ணு, அவ்வளவுதான் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. புதனிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இந்தக் கைதானே உட்கார வைத்தது. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் எந்த மாட்டையாவது வாங்கியிருப்பேனா, என் கையை மட்டும் பல்லே பார்க்காமல் எவனோ சொன்ன விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தேனே.

எவனோ சொன்ன. காப்பி பிளாஸ்க்கைத் திறந்து வலது கையால் டம்ளரில் ஊற்றினேன், விளிம்பு வரைக்கும், வேண்டுமென்றே, தூக்கினேன், நின்றது, குடித்தேன், ஆறிப்போயிருந்தது, அமிர்தம். குடித்துக்கொண்டே அந்த நடுங்குகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நிறுத்த மனசு வரவில்லை. ரிமோட் சும்மா கிடக்கிறது, நடுக்கம் அந்தப் பக்கம். சும்மா கிடந்தது எது. செவ்வாய்க்கிழமை. துண்டுக்கு அடியில். விலை சொல்கிறவன் அடுத்தவன் விரலைப் பிடிப்பான், கேட்கிறவன் கையை விட்டுக்கொடுத்துச் சும்மா வைத்திருப்பான், அதுதான் முறை. துண்டு ஆடினபோது விலை யாருடையது. அவருடையது. ஹம்சாக்கா என் விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தார், என் கை அவர் கையில் சும்மா கிடந்தது, இந்த ரிமோட் மாதிரி. என் கட்டை விரல் உள்ளே மடங்கியிருந்தது. அப்படியானால் என் விரல் மேல் உருட்டின கட்டை விரல் யாருடையது. அந்த உருட்டு, இல்லாத பீடி, தோல் மறக்காத அந்த உருட்டு. அட. அட மனுஷா. தெரிந்துதான் சொன்னார். தன் கை ஆடுவதை நான் சொல்வதற்கு முன்னே என் கை ஆடுகிறது என்று சந்தைக்குக் கேட்கச் சொல்லி முந்திக்கொண்டார், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், முந்துகிறவன் சரக்குத்தானே சந்தையில் நல்ல சரக்கு. முதலில் வந்தது கோபம்தான், சாதாரணக் கோபமா, வருகிற செவ்வாய்க்கிழமை நடுச்சந்தையில் துண்டை உருவி எறிந்துவிட்டு எல்லாரும் பாருங்கடா யார் கை ஆடுதுன்னு என்று கத்த வேண்டும் போல இருந்தது, வார்த்தைகள்கூட வரிசையாக வந்து நின்றுவிட்டன. அப்புறம் அந்த முகம் ஞாபகம் வந்தது. சொல்லும்போது ஹம்சாக்கா என்னைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

போனை எடுத்துப் போட்டுவிட்டேன், என்ன பேசுவது என்று யோசிக்காமலே. நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தார். "எந்தா அண்ணா?" குரல் தயங்கிற்று. திட்டுவேன் என்று எதிர்பார்க்கிறார். "அந்தச் செவலைச் சோடி இன்னும் கட்டுத்தறிலதான் நிக்குது. செவ்வாக்கிழமை வாங்க, பேசலாம்" என்றேன். "நான் செவ்வாழ்ச்ச வரணுமான்னு..." என்று இழுத்தார். "வராம? உங்களை உட்டா அந்தச் சோடிக்கு வேற எவன் ஒழுங்கா வெலை சொல்லுவான். துண்டு நான் கொண்டாறேன். போன தடவை மாதிரி மெல்லிசுத் துண்டு இல்ல, நல்ல கனமா, சென்னிமலைத் துண்டு, போத்துனா மலையே மூடிரும்." பிறகு மெதுவாக, "கனமா எதுக்கு அண்ணா, இந்த வெயில்ல?" என்றார். "வெயிலுக்குத்தான்" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கோயமுத்தூர்ல..." என்று நான் ஆரம்பித்து, வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்தி, "சந்தை முடிஞ்சு ஒரு டீ குடிப்போம், ஒரு சங்கதி பேசணும்" என்றேன். "சரி அண்ணா" என்றார், மூக்கை உறிஞ்சின மாதிரி இருந்தது, அப்புறம் பழைய குரலில், "பக்ஷே வெலையில ஒரு தயவும் கிட்டாது, சொல்லியாச்சு." "உங்ககிட்ட எவன் தயவு கேட்டான், மாட்டைப் பார்த்துட்டு மயக்கம் போட்டு உழாம இருந்தாச் சரி" என்று நான் கத்தினேன், நன்றாகவே கத்தினேன், வாசலில் கேட் திறந்து சுலோச்சனா சீர்ப் பலகாரப் பையோடு உள்ளே வந்து, எண்ணெய்ப் பிசுக்குத் தட்டையும், நடுங்குகிற காரையும், என் வலது கையில் இருந்த காலி டம்ளரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "முள்ளு வந்துருச்சுங்களா?" என்றாள். வந்துருச்சு என்றேன்.